கையைக் கட்டிக்கொண்டு ரோபோ செய்யச் சொல்லித்தருவது

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரம் பாலைவனத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடலைப் பார்க்கக் கிளம்பினால் பல மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். அந்த ஊரின் கார்ல் ஹேடன் என்ற அரசு உயர்நிலைப் பள்ளியில், 2004-ல் இரண்டு ஆசிரியர்கள் நான்கு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு தண்ணீருக்கடியில் வேலை செய்யும் ரோபோ ஒன்றைச் செய்ய இறங்கினார்கள். ஃப்ரெடி லாஜ்வர்டி கடல் அறிவியல் ஆசிரியர். ஆலன் கேமரன் கணினி ஆசிரியர். மாணவர்கள் ஆஸ்கர் வாஸ்கேஸ், கிறிஸ்டியன் அர்செகா, லொரென்சோ சாந்திலான், லூயிஸ் அராண்டா. நால்வரும் மெக்சிகோவிலிருந்து சிறுவயதில் வந்த, உரிய குடியேற்ற ஆவணங்கள் இல்லாத குடும்பப் பிள்ளைகள்.

கலிபோர்னியாவின் மான்டெரே நகரைச் சேர்ந்த கடல்சார் தொழில்நுட்பக் கல்வி மையம், சுருக்கமாக 'மேட்', 2002-ல் இத்தகைய ரோபோக்களுக்கென ஆண்டுதோறும் போட்டி நடத்தத் தொடங்கியது. அப்போது பள்ளி மாணவர்களுக்கு ஒரு பிரிவு, கல்லூரி அணிகளுக்கு 'எக்ஸ்ப்ளோரர்' என்று கடினமான இன்னொரு பிரிவு இருந்தன. லாஜ்வர்டியும் கேமரனும் தங்கள் பையன்களைக் கல்லூரிப் பிரிவில் சேர்த்தார்கள். பார்ப்பதற்கு அசட்டுத் துணிச்சல் மாதிரி இருக்கும். கணக்கு வேறு: பள்ளிப் பிரிவில் கடைசியாக வந்தால் பிள்ளைகள் சுருங்கிப் போவார்கள், நாட்டின் சிறந்த பொறியியல் மாணவர்களிடம் தோற்றால் அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கையில் இருந்த பணம் ஏறத்தாழ 800 டாலர். எதிரே நின்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) அணியின் செலவு பத்தாயிரம் டாலருக்கு மேல்.

தண்ணீர் ஏன் இவ்வளவு பொல்லாத இடம்? தரையில் ஓடும் ரோபோ கெட்டுப்போனால் நின்ற இடத்தில் நிற்கும். தண்ணீரில் கெட்டுப்போனால் மூழ்கும், அல்லது மிதந்து மேலே வந்துவிடும். ஆர்க்கிமிடிஸ் விதியைப் பரீட்சையில் எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கும், ரோபோ விலக்கும் தண்ணீரின் எடையும் ரோபோவின் எடையும் மிக நெருக்கமாகப் பொருந்த வேண்டும் என்பது குளத்தில் இறக்கும்வரை உறைப்பதில்லை. பி.வி.சி. குழாயில் சட்டம் கட்டுகிறார்கள். குழாயில் துளை போட மறந்துவிடுவார்கள். உள்ளே சிக்கிய காற்று ரோபோவை மேலேயே நிறுத்தும், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகுந்ததும் ஒரு பக்கம் சாயும். மிதவைக்கு நீச்சல் குளத்து நுரைத்தண்டை வெட்டி ஒட்டுவார்கள். மேல்மட்டத்தில் கச்சிதமாக மிதக்கும். ஆழம் கூடக்கூட அழுத்தத்தில் நுரை சுருங்கும். சுருங்கினால் மிதப்பு குறையும். குறைந்தால் இன்னும் கீழே போகும். போனால் இன்னும் சுருங்கும். ஏன் மூழ்குகிறது என்று புரியாமல் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். மிதவை மேலேயும் பாரம் அடியிலும் இருந்தால்தான் ரோபோ குப்புறக் கவிழாமல் தானே நிமிரும் என்பதும் ஒருமுறை கவிழ்ந்த பிறகுதான் மண்டையில் ஏறும். குளத்தில் சரிபார்த்த 10 கிலோ ரோபோவைக் கடலில் விட்டால் அது மேலே வந்து நிற்கும். உப்புநீர் இரண்டரை சதவீதம் கனம் கூடியது. இன்னும் 250 கிராம் பாரம் கட்ட வேண்டும்.

அடுத்தது வயர். ரேடியோ அலை தண்ணீருக்குள் வெகுதூரம் போகாது. ஆகவே கரையிலிருந்து ரோபோவுக்கு ஒரு கேபிள் தேவை. பள்ளிகளில் பெரும்பாலும் கிடைப்பது கணினி இணைப்புக்குப் பயன்படும் மெல்லிய ஈதர்நெட் கேபிள். 15 மீட்டர் நீளத்தில் போகவும் வரவும் சேர்த்து ஒரு மோட்டாருக்கு 30 மீட்டர் கம்பி. அதன் மின்தடை சுமார் இரண்டரை ஓம். மோட்டார் 2 ஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். கரையில் 12 வோல்ட் பேட்டரி, மோட்டாருக்குக் கிடைப்பது 7. மேசைமேல் சீறிச் சுழன்ற விசிறி குளத்தில் ஏன் சோம்பிப் போகிறது என்று கேட்கிற பிள்ளைக்கு ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். ஒரு மல்ட்டிமீட்டரைக் கையில் கொடுத்து, "ரெண்டு முனையிலயும் அளந்து பாரு" என்று நகர்ந்தும் விடலாம். எனக்குத் தெரிந்து நல்ல வழிகாட்டிகள் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். தடித்த கம்பி போட்டால் மின் இழப்பு குறையும், ஆனால் கேபிளே ரோபோவைக் கட்டி இழுக்கும். எது வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியது அணி. கார்ல் ஹேடன் பையன்கள் பேட்டரியையே ரோபோவுக்குள் ஏற்றினார்கள். கேபிள் மெலிந்தது, ரோபோ லாகவமாகத் திரும்பியது. பதிலுக்கு ஒரு ஆபத்து: பெட்டியில் தண்ணீர் புகுந்தால் எல்லாம் முடிந்தது.

பெட்டியில் தண்ணீர் புகாமல் பார்ப்பது லேசான காரியமா? ஐந்து மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ கூடுதல் அழுத்தம். முப்பதுக்கு நாற்பது சென்டிமீட்டர் மூடி என்றால் அதன்மேல் மொத்தம் 600 கிலோ. சுழலும் மோட்டார் அச்சு வெளியே வரும் இடம் அதைவிட மோசம்; இறுக்கி அடைத்தால் சுழலாது, தளர்த்தினால் கசியும். ஹாரி போம், விக்கி ஜென்சன் இருவரும் 1997-ல் எழுதிய செய்முறைப் புத்தகம் ஒன்றிலிருந்து 'சீபெர்ச்' என்ற பள்ளித் திட்டம் முளைத்தது, எம்.ஐ.டி.யின் கடல் ஆய்வுப் பிரிவு அதை வளர்த்தது. இந்தக் கசிவுக்கு அதில் சொல்லும் தீர்வு அழகானது. மோட்டாரின் ஓட்டைகளை டேப் சுற்றி அடைத்து, பழைய ஃபிலிம் டப்பாவுக்குள் இறக்கி, உருக்கிய மெழுகை ஊற்றிவிட வேண்டும். அமெரிக்கக் கழிப்பறைப் பீங்கானுக்கு அடியில் கசிவைத் தடுக்க வைக்கிற மெழுகு வளையம்தான் மூலப்பொருள். ஃபிலிம் டப்பா என்றால் என்னவென்று இன்றைய பத்தாம் வகுப்புக்கு விளக்க வேண்டியிருக்கும், அது வேறு தொல்லை.

இத்தனை இடத்திலும் வழிகாட்டிக்குத் தீர்வு முன்கூட்டியே தெரியும். சாலிடரிங் அயர்னைப் பிடுங்கி இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொடுத்துவிடலாம். நம் பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் அப்பா செய்த தெர்மோகோல் எரிமலைக்குப் பக்கத்தில் பிள்ளை மனப்பாட விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது அப்படி வந்ததுதான். மேட் போட்டியின் விதி இதில் கறார்: களத்தில் ரோபோவை இயக்கும் இடத்துக்குள் ஆசிரியருக்கு அனுமதி இல்லை. அணியை ஒரு சிறு நிறுவனம் போல நடத்தச் சொல்கிறார்கள். தலைமை, கணக்கு, அறிக்கை எல்லாம் மாணவர் பொறுப்பு.

கட்டிய கையை அவிழ்க்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு, அது மின்சாரம். ரோபோ மூழ்கட்டும், நனையட்டும், மோட்டார் எரியட்டும். ஆனால் சுவர் பிளக்கிலிருந்து வரும் வயர் குளத்தருகே வந்தால் அங்கே கேள்வியும் இல்லை, கண்டுபிடித்துக் கற்பதும் இல்லை, உடனே நிறுத்த வேண்டும். பேட்டரியை ஒட்டி ஃப்யூஸ் இருக்கிறதா, விசிறிக்குக் காப்பு வளையம் உண்டா என்பதும் அப்படித்தான். எந்தத் தோல்வியை நடக்க விடுவது, எதை விடக்கூடாது என்று பிரிக்கத் தெரிவதில்தான் இந்த வேலையின் முக்கால்வாசி இருக்கிறது.

பீனிக்ஸ் அணி தங்களுக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டது. வெப்பநிலை அளக்கும் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனத்துக்குப் போன் போட்டு, தண்ணீருக்கடியில் எதைக்கொண்டு அளப்பது என்று விசாரித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்தானே என்று அந்தப் பொறியாளர் வைத்துவிடவில்லை, பொறுமையாக விளக்கினார். பி.வி.சி. பசையின் நெடி தாங்காமல் ரோபோவுக்கு 'ஸ்டிங்கி', அதாவது நாற்றக்காரன், என்று பெயர் வைத்தார்கள்.

போட்டி 2004 ஜூனில், சாண்டா பார்பரா கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில். பயிற்சிக்கு இறக்கியபோது பயந்தது நடந்தது: மின்சுற்றுகள் இருந்த பெட்டி கசிந்தது. வேறு பெட்டி வாங்கப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. கசிவை நிறுத்த முடியாவிட்டால் உள்ளே வருகிற நீரை உறிஞ்சிவிட்டால் என்ன என்று யோசித்து, சாந்திலான் கடைக்குப் போய், மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் பயன்படுத்தும் டேம்பான் பஞ்சுச் சுருள் ஒரு பெட்டி வாங்கி வந்தான். எது அதிகம் உறிஞ்சும் என்று கடையில் நின்ற ஒரு பெண்மணியிடமே கேட்டிருக்கிறான். பதின்வயதுப் பையனுக்கு அதற்குத் தேவைப்பட்ட தைரியம் பேட்டரியை நீருக்குள் இறக்கத் தேவைப்பட்டதைவிடக் கூடுதல் என்று நினைக்கிறேன். இரவில் கண்விழித்து வயர்களை மறுபடி சாலிடர் செய்தார்கள். மறுநாள் பஞ்சு தன் வேலையைச் செய்தது. மூழ்கிக் கிடந்த பீப்பாயிலிருந்து திரவம் எடுக்கும் கடினமான பணியை, வளைந்த செப்புக் குழாய், சிறு பம்ப், ஒரு பலூன் இவற்றைக்கொண்டு ஸ்டிங்கி முடித்தது.

குளத்து வேலைக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. நடுவர்கள் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள், தொழில்நுட்ப அறிக்கையைப் படிப்பார்கள். அந்த நடுவர்களில் நாசா பொறியாளரும் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகத்தைச் சேர்ந்தவரும் இருந்தார்கள். லேசரால் தூரத்தை அளந்தது எப்படி என்ற கேள்விக்குப் பையன்கள் தந்த பதிலில் இருந்தது நல்ல இயற்பியல். தண்ணீரில் ஒளி மெதுவாகப் போகிறது. காற்றுக்குத் தயாரித்த லேசர் கருவி 3 மீட்டரை ஏறக்குறைய 4 என்று காட்டும். ஒளிவிலகல் எண்ணை வைத்து முப்பது சதவீதம் தாங்களே திருத்திக்கொண்டதாகச் சொன்னார்கள். வேறு யாராவது கட்டிக்கொடுத்த ரோபோவாக இருந்தால் இந்த ஒரு கேள்வியில் குட்டு உடைந்திருக்கும்.

வடிவமைப்புக்கும் அறிக்கைக்கும் தனிப் பரிசு, அதற்குமேல் ஒட்டுமொத்த முதலிடம். எம்.ஐ.டி. இரண்டாவது.

ஜோஷுவா டேவிஸ் 2005-ல் 'வயர்ட்' இதழில் இதை எழுதினார். 2015-ல் வந்த 'ஸ்பேர் பார்ட்ஸ்' படத்தில் ஜார்ஜ் லோபஸ் நடித்த பாத்திரத்தின் பெயர் ஃப்ரெடி கேமரன். இரண்டு ஆசிரியர்களை வெட்டி ஒட்டி ஒரு கதாநாயகன் செய்துவிட்டார்கள். சினிமாவுக்கு வசதி. ஆனால் ஒருவர் அவசரப்பட்டுக் கையை நீட்டும்போது இன்னொருவர் தடுக்கலாம், ஒருவர் சோர்ந்தால் இன்னொருவர் குளத்துக்குக் கூட்டிப் போகலாம். பள்ளி முடிந்த பிறகு மாதக்கணக்கில் நடக்கிற வேலைக்கு இருவர் வேண்டும் என்ற எளிய விஷயம் படத்தில் காணாமல் போனது.

கோப்பை அவர்களுடைய சட்டப் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. 2006-ல் அரிசோனா வாக்காளர்கள், ஆவணமற்ற மாணவர்களுக்கு அரசுக் கல்லூரிகளில் உள்ளூர்க் கட்டணச் சலுகை கிடையாது என்று தீர்மானித்தார்கள். வாஸ்கேஸ் எப்படியோ அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் முடித்தார், 2009-ல். சட்டப்படி திரும்பி வருவதற்காகத் தானாகவே மெக்சிகோ போனார். பத்தாண்டு தடை என்றார்கள். விலக்கு கிடைத்து 2010-ல் திரும்பியவர் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தான் போனார்.

மேட் போட்டியின் பணிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. ஜெயித்த ரோபோவை அப்படியே அடுத்த ஆண்டு இறக்க முடியாது. சாலிடரிங் தெரிந்த பிள்ளைகள் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். புதிதாக வருகிறவர்களில் ஒருவன் நிச்சயம் குழாயில் துளை போட மறப்பான். அதை அவன் குளத்தில் கண்டுபிடிக்கும்வரை ஆசிரியர் சும்மா இருக்க வேண்டும்.