பெயர்ப்பலகை யாருடைய பெயரில் இருக்கிறது?

சென்னையையும் அந்தமான் நிகோபார் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதுவரை தீவுவாசிகள் செயற்கைக்கோள் இணைப்பையே பெரிதும் நம்பியிருந்தனர். ஒரு படம் திரையில் முழுமையாகத் தோன்றுவதற்குள் தேநீர் ஆறிவிடும் காலம் அது. இன்று ஸ்வராஜ் தீவில் நான்கு அறைகளை வாடகைக்கு விடும் குடும்பமும், சுற்றுலாப் பயணிகளுக்கு ஆழ்கடல் நீச்சல் கற்றுத்தரும் இளைஞரும் தமக்கென ஓர் இணையதளம் வைத்துக்கொள்ள எண்ணுவது இயல்பே. தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகின்றனர்.

ஹோஸ்டிங் என்பது தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் கணினிக்கு நாம் செலுத்தும் வாடகை. டொமைன் என்பது கடையின் பெயர்ப்பலகை. வாடகை இடத்தை மாற்றிக்கொள்ளலாம். பெயர்ப்பலகை பிறர் வசம் போய்விட்டால் விருந்தினர்கள் பல ஆண்டுகளாக அறிந்த முகவரியே போய்விடும். டிசம்பர் மாதம், பயணிகள் திரளும் பருவத்தில், புதுப்பிப்புக் கட்டணம் மும்மடங்காகக் கேட்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். டொமைன் நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருந்தால், கேட்டதைக் கொடுப்பதைத் தவிர விடுதி உரிமையாளருக்கு வேறு வழியில்லை. எனவே பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே: "டொமைன் என் பெயரிலும் என் மின்னஞ்சலிலும் பதிவாகுமா? வேறிடம் செல்ல விரும்பினால் மாற்றுக் குறியீட்டைத் தருவீர்களா?" இதற்கு எழுத்து மூலம் நேரான விடை தராத நிறுவனத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

விலையும் பல உண்மைகளைச் சொல்லும். டாட் காம் பெயர் ஒன்றுக்குப் பதிவாளர் செலுத்தும் மொத்த விலையே ஆண்டுக்குப் பத்து டாலருக்கு மேல். அதனை நூறு ரூபாய்க்குத் தருபவர், விட்டதை இரண்டாம் ஆண்டில் பிடித்துவிடவே எண்ணுவார். அதில் குற்றமில்லை, ஆனால் புதுப்பிப்பு விலையை மறைப்பது குற்றம். "வாழ்நாள் முழுவதற்கும் டொமைன்" என்னும் விளம்பரத்தை நம்பவே வேண்டாம். டாட் காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் பத்தாண்டுகளுக்கே பதிவு செய்ய இயலும். "வரம்பற்ற இடம்" என்பதும் அவ்வாறே. நிபந்தனைப் பக்கத்தில் கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

"இருபது ஆண்டு அனுபவம்" என்று சொல்லும் நிறுவனத்தின் சொந்த டொமைன் எப்போது பதிவானது என்பதை ஹூஇஸ் தேடலில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அது எட்டு மாதக் குழந்தையாக இருந்தால் விளக்கம் கேளுங்கள். இந்திய நிறுவனம் எனில் அதன் ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். டாட் இன் பெயர்களுக்கு அங்கீகாரம் பெற்ற பதிவாளர்களின் பட்டியலை நிக்ஸி அமைப்பு வெளியிடுகிறது. "சிறந்த பத்து நிறுவனங்கள்" என்னும் தரவரிசைகளைச் சற்று ஐயத்தோடு படிப்பது நலம். அவற்றுள் பல, பரிந்துரைக்குத் தரகு பெறுபவை.

காப்புப்பிரதி பற்றிய கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீக்கிரையானது. பெரிய, பெயர் பெற்ற நிறுவனம்தான். ஆயினும் வேறிடத்தில் நகல் வைத்திராத வாடிக்கையாளர் பலர் தரவுகளை நிரந்தரமாக இழந்தனர். ஆகவே நகல் எந்த ஊரில் இருக்கிறது, அதை நீங்களே இறக்கிக்கொள்ள இயலுமா என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை உங்கள் கணினியிலும் ஒரு நகல் இருக்கட்டும்.

பணம் செலுத்தும் முறையிலும் கவனம் தேவை. நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் தனிநபர் யுபிஐ முகவரிக்கு அனுப்பச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். முதலில் ஓராண்டுக்கு, முடிந்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் செலுத்துங்கள். அட்டையில் தானியங்கிப் பற்றுக்கு ஒப்புதல் அளித்திருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு பற்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னரே அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள். அதிலிருந்தே ஒப்புதலை விலக்கிக்கொள்ளலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டியிருந்தால், அட்டையின் பன்னாட்டுப் பயன்பாட்டை அந்த வேளைக்கு மட்டும் திறந்து, பின்னர் மூடிவிடலாம்.

பதிவான சில மாதங்களில், "உங்கள் டொமைன் காலாவதியாகிறது" என்று முன்பின் அறியாத பெயரிலிருந்து மின்னஞ்சல் வரக்கூடும். அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், பதிவு செய்த நிறுவனத்தின் கணக்கில் நேரே நுழைந்து தேதியைப் பாருங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்து, உங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள். பணம் உரியவரிடமே சென்று, சேவை மட்டும் வராதிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.