மாலை வகுப்பில் பிள்ளை என்ன கற்கிறது?

அரச பாடசாலைப் பிள்ளைக்குப் பாடசாலை நேரத்துக்கு வெளியே கிடைக்கும் படிப்புதவிக்கு மலையகத்தில் டியூசன், பிரத்தியேக வகுப்பு, மாலை வகுப்பு என்று பல பெயர்கள் உண்டு. நகரத்தில் அது பெரும்பாலும் காசு கட்டிப் போகும் வகுப்பு. தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை தாண்டி, ஹோட்டன் சமவெளிக்கு அருகே கிடக்கும் டயகம போன்ற தோட்டப்புறங்களில் நிலைமை வேறு. நகரத்து வகுப்புக்குப் போய்வரப் பஸ் காசும் நேரமும் எல்லா வீட்டிலும் இல்லை. ஆகவே கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ பிள்ளைமடுவம் எனும் குழந்தைக் காப்பகத்திலோ, உயர்தரம் முடித்த தோட்டத்து இளைஞர் ஒருவர் நடத்தும் வகுப்பே பல பிள்ளைகளுக்குக் கிட்டக்கூடியது. அப்படிப்பட்ட வகுப்பு தரமானதா என்பதை எதை வைத்துச் சொல்வது?

இந்த உதவி ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் பொறுப்பை 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைத்து ஓர் ஆசிரியர் எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்ற அளவில்தான் பல தோட்டங்கள் அதை நடத்தின. 1945இல் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வி தோட்டத்தை எட்டப் பல பத்தாண்டுகள் பிடித்தன. தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். பிறகு பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது, ஆசிரியர் நியமனங்கள் வந்தன, பலன் தெரிந்தது. ஆனாலும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் மலையகத்தில் இன்றும் உண்டு. அந்த இடைவெளியில்தான் மாலை வகுப்பு நிற்கிறது.

நிற்கும் இடம் சரி, நடக்கும் விதத்தில்தான் சிக்கல். தரம் 5 புலமைப்பரிசில், க.பொ.த. சாதாரண தரம் என்ற இரண்டு பரீட்சைகளும் வகுப்பை முழுவதுமாக இழுத்துக்கொள்கின்றன. கடந்தகால வினாத்தாள், மாதிரி வினாத்தாள், பரீட்சைக்குச் சில வாரம் முன்பு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் கூட்டும் கருத்தரங்கு என்று பணம் அங்கேதான் செலவாகிறது. அடிப்படை உறுதியான பிள்ளைக்கு இதெல்லாம் பயன்தரும். அடிப்படை இல்லாத பிள்ளை விடையைப் பார்த்து எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் ஆறாந்தரப் பிள்ளை ஒன்று 35 என்று எழுதுகிறது. கவனக்குறைவு என்று சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவது எளிது. ஆனால் பிள்ளை கவனமாகத்தான் செய்திருக்கிறது: 2இலிருந்து 7 போகாது, ஆகவே 7இலிருந்து 2ஐக் கழித்து 5, ஐந்திலிருந்து இரண்டு போக 3. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முன்பு கற்ற விதியை ஒவ்வொரு நிரலிலும் தனித்தனியாகப் போட்டிருக்கிறது. பத்துக்களில் ஒன்றை ஒன்றுகளாக மாற்றலாம் என்பது அதற்குப் புரியவே இல்லை. பத்துக் குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டி, அந்தக் கட்டைப் பிரித்துக் காட்டினால் சில நாட்களில் தீரக்கூடிய விஷயம் இது. தீர்க்காமல் விட்டால் அதே பிள்ளை பின்னங்களிலும் தசமங்களிலும் தடுக்கி, பிறகு அட்சரகணிதத்துக்கு வரும்போது ‘எனக்குக் கணக்கு வராது’ என்று முடிவுகட்டிவிடும். 35 எப்படி வந்தது என்று கேட்பவரும் கேட்காதவரும் நடத்தும் வகுப்புகளுக்கு இடையிலுள்ள தூரமே தரத்தின் அளவு.

அதனால் வகுப்பு தொடங்கும் முதல் வாரத்தில் பாடம் வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துச் சில நிமிடம் பார்த்தால் போதும். எழுத்து தெரிகிறதா, சொல்லை வாசிக்கிறதா, நாலு வரிப் பந்தியைத் தடங்கலின்றி வாசிக்கிறதா, ஒரு சிறுகதையை வாசித்துப் பொருள் சொல்கிறதா என்ற படிகளில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. இந்தியாவில் பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் அசர் கணக்கெடுப்பின் கருவி ஏறக்குறைய இதுவே. ஒரு தாளில் அடங்கிவிடும். பிள்ளைகளைத் தரப்படி பிரிக்காமல், இந்தப் படிகளின்படி பிரித்துக் கற்பிப்பது அதன் அடுத்த கட்டம். ஏழாந்தரப் பிள்ளையும் நாலாந்தரப் பிள்ளையும் ஒரே குழுவில் அமரும்போது பெரிய பிள்ளை கூச்சப்படும். அதைப் பக்குவமாகக் கையாளத் தெரிவதும் கற்பிப்பவருக்கு வேண்டிய திறமைதான்.

பட்டம் இல்லாதவர்கள் கற்பித்தால் தரம் இருக்குமா என்ற கேள்வி தோட்டத்திலும் எழுகிறது. வடோதராவிலும் மும்பையிலும் பிரதம் நடத்திய ‘பால்சகி’ திட்டம் அதற்கு நல்ல பதில். உள்ளூரில் பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்கள் குறுகிய பயிற்சியுடன், பின்தங்கிய பிள்ளைகளைப் பதினைந்து இருபது பேராக வகுப்பிலிருந்து தனியே அழைத்து நாள்தோறும் இரண்டு மணிநேரம் கற்பித்தார்கள். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் அந்தப் பிள்ளைகளின் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அதே குழுவினர் உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் செய்த இன்னொரு ஆய்வு எச்சரிக்கையும் தருகிறது. அங்கே கிராமத் தொண்டர்கள் நடத்திய வாசிப்பு வகுப்புக்கு வந்த பிள்ளைகள் நன்றாக வாசிக்கத் தொடங்கினார்கள். வந்தவர்களோ நூற்றுக்கு எட்டுப் பேர்தான். எவ்வளவு நல்ல வகுப்பாக இருந்தாலும் வராத பிள்ளைக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டில் கொரோனாக் கால இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ வருகைச் சிக்கலை இடத்தால் சமாளித்தது. வகுப்பு தெருவிலேயே, ஏறத்தாழ இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாலை 5 முதல் 7 மணிக்குள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கிராமப்புறப் பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்த ஆய்வொன்று, பள்ளி மீண்டும் திறந்து ஆறு மாதத்தில் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாகவும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு இத்திட்டத்தால் வந்ததாகவும் காட்டியது.

அதே நேர அட்டவணையை டயகமவுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. மலையில் ஆறு மணிக்கு இருட்டிவிடும். மழைக்காலத்தில் அதற்கும் முன்னரே மூடுபனி இறங்கும். தேயிலை மலைக்குள் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது, கொழுந்தெடுக்கப் போன தாய் வீடு திரும்ப ஐந்து மணியாகலாம். இரண்டரைக்கும் நாலரைக்கும் இடையில் நடத்தினால் பிள்ளை வெளிச்சத்திலேயே வீடு சேரும்; தாய்க்கும் பயமில்லை. அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பசிக்கும் என்பதால் ஒரு ரொட்டித் துண்டுக்கும் தேநீருக்கும் வழி செய்வது வருகையைக் கூட்டும் நேரடியான செலவு. வாரத்தில் ஒருநாள் நாலு மணிநேரம் நடத்துவதைவிட, மூன்று நாள் ஒரு மணிநேரமாக நடத்துவது சிறு பிள்ளைக்கு நல்லது. வாசிப்பும் கணக்கும் இடைவெளி விட்டால் நழுவிப்போகும்.

வகுப்பைக் கண்காணிப்பது பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடுகிறது. வரவுப்பதிவேடு, புகைப்படம், வழங்கிய கொப்பிகளின் எண்ணிக்கை ஆகியவை வகுப்புக்குப் பணம் தரும் நன்கொடையாளருக்குப் போகின்றன. இவை வகுப்பு நடந்ததைச் சொல்லும், பிள்ளை கற்றதைச் சொல்லாது. மாதம் ஒருமுறையாவது அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் வகுப்பின் பின்வரிசையில் முழுநேரமும் இருந்து, பேசாத பிள்ளை எத்தனை பேர், கேள்வி யாரிடம் போகிறது, தவறான விடைக்கு என்ன நடக்கிறது என்று குறித்து, முடிந்தபின் கற்பிப்பவரோடு தனியே பேச வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதல் வாரச் சோதனையைத் திரும்பச் செய்து, எழுத்துப் படியிலிருந்து பந்திப் படிக்கு எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கைப் பெற்றோர் முன் வைக்கலாம். தோட்டத்துப் பெற்றோர் பலருக்கு வினாத்தாள் புள்ளி விளங்காமலிருக்கலாம். தம் பிள்ளை உரக்க வாசிப்பது எல்லோருக்கும் விளங்கும்.

பாடசாலையோடு தொடர்பு இல்லாத மாலை வகுப்பு பிள்ளையைக் குழப்பவும் கூடும். வகுத்தலுக்குப் பாடசாலையில் ஒரு முறை, வகுப்பில் வேறு முறை என்றால் பிள்ளை இரண்டையும் கலந்துவிடும். அதிபருக்கும் பாட ஆசிரியருக்கும் மாலை வகுப்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது அவசியம். பாதுகாப்பு இதைவிட முக்கியம்: கற்பிப்பவரின் பின்னணியை விசாரித்தல், மூடிய அறையில் ஒற்றைப் பிள்ளையோடு வகுப்பு கிடையாது என்ற விதி, அடி கிடையாது என்ற விதி, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் பிள்ளைகளுக்குத் தெரியும்படி சுவரில் இருத்தல்.

தோட்டத்து வகுப்புகள் நின்றுபோவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம், கற்பிப்பவர் பல்கலைக்கழகத்துக்கோ கொழும்பு வேலைக்கோ போய்விடுவது. அவர் போகத்தான் வேண்டும். அது அவர் குடும்பத்தின் முன்னேற்றம். தொடக்கத்திலிருந்தே ஒரு வகுப்புக்கு இருவர் என்று வைத்து, மூத்தவரிடம் இளையவர் பழகி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதிவைத்தால், புதியவர் 35 என்று எழுதிய பிள்ளையை மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிராது. அந்த இருவருக்கும் நேரத்துக்குக் கிடைக்கும் ஒரு மாதக் கொடுப்பனவு, கருத்தரங்குக்கும் பதாகைக்கும் போகும் பணத்திலிருந்தே ஒதுக்கக்கூடியது.