அமெரிக்க விவசாயம் ஆவணமற்ற தொழிலாளர்களை நம்பியிருப்பது ஏன்? குடியேற்றச் சட்டம் செய்ததும் செய்யத் தவறியதும்

அமெரிக்காவின் பயிர்ப் பண்ணைகளில் கூலிக்கு உழைப்போரில் சுமார் 42 விழுக்காட்டினர் அந்நாட்டில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி பெறாதவர்கள். 2020 முதல் 2022 வரையிலான ஆண்டுகளுக்கு அந்நாட்டுத் தொழிலாளர் துறை நடத்திய கணக்கெடுப்பில் தெரியவந்த விவரம் இது. இவர்களில் பெரும்பாலானோர் மெக்சிகோவில் பிறந்தவர்கள். பலர் பத்தாண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவிலேயே குடும்பத்துடன் வசித்து வருபவர்கள்.

இவர்களை வெளியேற்றுவதா, வைத்துக்கொள்வதா என்பதில் அமெரிக்க அரசு எவ்வளவு தடுமாறுகிறது என்பதை 2025-ஆம் ஆண்டு நிகழ்வுகள் காட்டின. அந்த ஆண்டு ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் வென்சுரா மாவட்ட வயல்களில் குடியேற்றத் துறையினர் சோதனை நடத்தினர். அடுத்த சில நாள்களிலேயே, நீண்டகாலமாக உழைத்துவரும் நல்ல தொழிலாளர்களை விவசாயிகள் இழந்து வருவதாக அதிபர் டொனால்ட் டிரம்ப் கருத்துத் தெரிவித்தார். பண்ணைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றில் சோதனைகளை நிறுத்திவைக்குமாறு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. அந்த அறிவுறுத்தல் ஒரு வார காலத்துக்குள் திரும்பப் பெறப்பட்டது. ஜூலை 10-ஆம் தேதி அதே மாவட்டத்தின் கமாரியோ உள்ளிட்ட இரு இடங்களில், உரிமம் பெற்ற கஞ்சா பண்ணைகளில் நடைபெற்ற சோதனையில் 300-க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அப்போது பசுமைக்குடிலின் கூரையிலிருந்து விழுந்த தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்.

இந்தத் தடுமாற்றம் ஓர் அதிபருடனோ ஒரு கட்சியுடனோ தொடங்கியதல்ல. நூறாண்டுகளுக்கும் மேலாக அந்நாட்டின் குடியேற்றச் சட்டங்களிலேயே அது இடம்பெற்று வந்துள்ளது.

தடையும் விதிவிலக்கும்

கலிஃபோர்னியாவின் பெரும் பண்ணைகளில் முதலில் சீனர்களும், பின்னர் ஜப்பானியர்களும், இந்தியர்களும், பிலிப்பினோக்களும் உழைத்தனர். சீனர்களின் வருகை 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. இம்பீரியல் பள்ளத்தாக்கு உள்ளிட்ட பகுதிகளில் விவசாய வேலைக்குச் சென்ற பஞ்சாபியர்களின் வருகையை 1917-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அடைத்தது. இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறும் வாய்ப்பு 1946-இல்தான் கிடைத்தது. அதே பள்ளத்தாக்கில் விவசாயம் செய்த பஞ்சாபியரான தலிப் சிங் சௌந்த் 1956-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதன் பிறகே சாத்தியமானது.

ஆசியர்களுக்குக் கதவடைத்த அதே 1917-இல், பண்ணை உரிமையாளர்களின் கோரிக்கையை ஏற்று மெக்சிகோ விவசாயத் தொழிலாளர்களுக்கு எழுத்தறிவுத் தேர்விலிருந்தும் நுழைவு வரியிலிருந்தும் விலக்கு அளிக்கப்பட்டது. 1924-இல் நாடுவாரியாக இடஒதுக்கீட்டு வரம்பு கொண்டுவரப்பட்டபோதும் மெக்சிகோ அதிலிருந்து விடுபட்டது. அறுவடைக்கு ஆள் வேண்டும். ஆனால் அவர்கள் நிலையாகத் தங்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பே இக்கொள்கையின் அடிப்படையாக இருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், இரு நாட்டு அரசுகளும் 'பிரசெரோ' எனப்படும் ஒப்பந்தத் தொழிலாளர் திட்டத்தைத் தொடங்கின. 1964 வரை நீடித்த இத்திட்டத்தில் சுமார் 46 லட்சம் பணி ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. முதல் சில ஆண்டுகளில் சேமிப்பு என்ற பெயரில் ஊதியத்தில் 10 விழுக்காடு பிடித்தம் செய்யப்பட்டது. தாயகம் திரும்பிய பலருக்கு அப்பணம் கிடைக்கவே இல்லை.

அந்தக் காலத்திலேயே அனுமதியின்றி வருவோரும் அதிகரித்தனர். அவர்களுக்கு அடைக்கலம் தருவதைக் குற்றமாக்கிய 1952-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை கொடுப்பது அடைக்கலம் தருவதாகாது என்று தெளிவாகவே விலக்கு அளித்தது. டெக்சாஸ் பண்ணை உரிமையாளர்களின் வற்புறுத்தலால் சேர்க்கப்பட்டதால் அது 'டெக்சாஸ் விதிவிலக்கு' எனப் பெயர் பெற்றது. வேலை செய்பவர் குற்றவாளி, வேலை கொடுப்பவர் குற்றமற்றவர் என்ற நிலை 1986 வரை நீடித்தது.

1986-ஆம் ஆண்டுச் சட்டம்

இதற்குத் தீர்வாக, அதிபர் ரொனால்ட் ரீகன் 1986 நவம்பரில் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி சுமார் 27 லட்சம் பேர் சட்டபூர்வ உரிமை பெற்றனர். அவர்களில் ஏறத்தாழ 11 லட்சம் பேர், ஓராண்டில் 90 நாள்கள் பண்ணையில் வேலை செய்ததைக் காட்டி உரிமை பெற்ற விவசாயத் தொழிலாளர்கள்.

இதற்கு ஈடாக, அனுமதி இல்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு அமர்த்துவது முதன்முறையாகக் குற்றமாக்கப்பட்டது. 'தெரிந்தே' என்ற ஒரு சொல் அச்சட்டத்தின் வலுவைக் குறைத்தது. தொழிலாளி காட்டும் ஆவணம் பார்வைக்கு உண்மையானதாகத் தோன்றினால் அதை ஏற்றுக்கொள்ளலாம் என்பதே விதி. போலி ஆவணங்கள் பெருகின. பண்ணைகள் ஒப்பந்ததாரர்கள் வழியாக ஆள் எடுத்ததால் பொறுப்பும் கைமாறியது. போலி எண்ணில் வேலை செய்பவரின் ஊதியத்திலிருந்து சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்கப்படுகிறது. முதுமையில் அதற்கான ஓய்வூதியத்தை அவர் கோர முடியாது.

உரிமை பெற்றவர்களில் பலர் காலப்போக்கில் பண்ணை வேலையைவிட்டு வேறு தொழில்களுக்குச் சென்றனர். அவர்கள் இடத்தை ஆவணமற்ற புதியவர்கள் நிரப்பினர். ஒருமுறை மட்டும் உரிமை அளித்துவிட்டு, அடுத்து வருவோருக்குப் போதிய சட்டபூர்வ வழியை அமைக்காமல் விட்டதே அச்சட்டத்தின் பெரும் குறை என்ற கருத்து பரவலாக உள்ளது.

பருவகால விசா போதாதா?

சட்டபூர்வ வழியே இல்லை என்று கூற முடியாது. 'எச்-2ஏ' எனப்படும் பருவகால விவசாய விசாவுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. 2005-ஆம் நிதியாண்டில் சுமார் 48 ஆயிரம் பணியிடங்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. 2023-இல் அது 3 லட்சத்து 78 ஆயிரமாக உயர்ந்தது.

ஆனால், இந்த விசாவில் வருவோருக்கு உரிமையாளர் இலவசத் தங்குமிடமும் போக்குவரத்தும் தர வேண்டும். அரசு நிர்ணயிக்கும் ஊதியத்தையும் வழங்க வேண்டும். சிறிய பண்ணைகளுக்கு இது பெருஞ்செலவு. மேலும் இது பருவகால வேலைக்கு மட்டுமே உரியது. ஆண்டு முழுவதும் நாள்தோறும் கறவை நடைபெறும் பால் பண்ணைகள் இதைப் பயன்படுத்த இயலாது.

தொழிலாளர் தரப்பிலும் சிக்கல் உண்டு. விசா குறிப்பிட்ட ஓர் உரிமையாளருடன் பிணைக்கப்பட்டிருப்பதால், கொடுமையை எதிர்த்துக் கேட்டால் வேலையுடன் நாட்டில் தங்கும் உரிமையும் பறிபோகும். ஜார்ஜியா மாநில வெங்காயப் பண்ணைகளில் இந்த விசாவில் வந்தவர்களைக் கொத்தடிமைகளைப் போல் நடத்தியதாக 24 பேர் மீது 2021-இல் குற்றச்சாட்டு பதிவானது. சட்டபூர்வ விசா இருந்தால் மட்டுமே சுரண்டல் நின்றுவிடாது என்பதற்கு இவ்வழக்கு உதாரணமாகச் சுட்டப்படுகிறது.

வெளியேற்றினால் கூலி உயருமா?

ஆவணமற்றவர்கள் வெளியேறினால் உள்நாட்டினருக்கு வேலை கிடைக்கும், கூலியும் உயரும் என்பது கடுமையான நடவடிக்கையை ஆதரிப்போரின் வாதம். மலிவான உழைப்பு தாராளமாகக் கிடைக்கும்வரை எந்த உரிமையாளரும் கூலியை உயர்த்த முன்வரமாட்டார் என்று அவர்கள் கூறுவதில் தர்க்கம் உண்டு. அந்த வாதம் நடைமுறையில் சோதித்துப் பார்க்கப்பட்டும் உள்ளது.

பிரசெரோ திட்டம் நிறுத்தப்பட்டதன் விளைவை மைக்கேல் கிளெமென்ஸ், ஈதன் லூயிஸ், ஹன்னா போஸ்டல் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். மெக்சிகோ தொழிலாளர்களைப் பெருமளவில் இழந்த மாநிலங்களில், இழக்காத மாநிலங்களைவிடக் கூலி வேகமாக உயரவில்லை என்று அவர்கள் கண்டறிந்தனர். உரிமையாளர்கள் இயந்திரங்களுக்கு மாறினர். இயந்திரம் இல்லாத பயிர்களின் சாகுபடியைக் குறைத்தனர். கலிஃபோர்னியாவில் ஆலைகளுக்கான தக்காளி அறுவடை சில ஆண்டுகளிலேயே இயந்திரமயமானது. ஸ்ட்ராபெர்ரி, ஆப்பிள் போன்றவற்றுக்கு இன்றும் பெரும்பாலும் கைகளே தேவைப்படுகின்றன.

2011-இல் ஜார்ஜியா கடுமையான குடியேற்றச் சட்டம் இயற்றியபோது தொழிலாளர்கள் அம்மாநிலத்தைத் தவிர்த்தனர். பயிர்கள் வயலிலேயே அழுகின. நன்னடத்தைக் கண்காணிப்பில் உள்ளவர்களை அனுப்பலாம் என்று ஆளுநர் நேதன் டீல் யோசனை கூறினார். அவ்வாறு அனுப்பப்பட்டவர்களில் பலர் வேலையின் கடுமை தாங்காமல் விரைவிலேயே வெளியேறினர்.

அதேவேளையில், கூலி உயரவே முடியாது என்பதும் சரியல்ல. பிரசெரோ திட்டம் முடிந்த மறு ஆண்டே, 1965-இல், டெலானோவில் பிலிப்பினோ தொழிலாளர்கள் தொடங்கிய திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தில் சீசர் சாவேஸ் தலைமையிலான சங்கமும் இணைந்தது. ஐந்தாண்டுப் போராட்டத்துக்குப் பின் உரிமையாளர்கள் ஒப்பந்தத்துக்கு இணங்கினர். 1975-இல் கலிஃபோர்னியா விவசாயத் தொழிலாளர்களுக்குச் சங்க உரிமையைச் சட்டமாக்கியது. நாடு முழுவதற்குமான 1935-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமோ இன்றுவரை அவர்களைச் சேர்க்கவில்லை.

முடிவாகாத மசோதா

பண்ணையில் ஏற்கெனவே உழைப்போருக்குச் சட்டபூர்வ நிலை, பால் பண்ணைகளுக்கும் பயன்படும் வகையில் விசா மாற்றம், விவசாயத்தில் மின்னணு முறையில் அனுமதிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குதல் ஆகிய மூன்றையும் இணைத்த மசோதா 2019-லும் 2021-லும் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது. செனட் அவையில் இருமுறையும் நிறைவேறவில்லை. சட்டத்தை மீறியவர்களுக்கு மன்னிப்பு அளிப்பதா என்பது ஒரு தரப்பின் எதிர்ப்பு. ஊதிய விதிகளும் வழக்குத் தொடரும் உரிமையும் பண்ணைகளுக்குச் சுமையாகும் என்பது மற்றொரு தரப்பின் எதிர்ப்பு.

இதற்கிடையே, 2025 அக்டோபரில் தொழிலாளர் துறை எச்-2ஏ விசாவுக்கான ஊதியக் கணக்கீட்டை மாற்றி, பண்ணைகளின் செலவு குறைய வழிசெய்தது. அனுமதியற்ற வருகை ஏறத்தாழ நின்றுபோனதும் சட்டபூர்வத் தொழிலாளர்கள் கிடைக்காததும் உணவு உற்பத்தியைப் பாதிக்கக்கூடும் என்பதை அந்த ஆணையிலேயே அத்துறை ஒப்புக்கொண்டது. ஆள் பற்றாக்குறை ஏற்பட்டால் கூலி உயரும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, விசாவில் வருவோரின் ஊதிய வரம்பே குறைக்கப்பட்டது. அதை எதிர்த்து விவசாயத் தொழிலாளர் சங்கம் நீதிமன்றத்தை நாடியது.

அமெரிக்காவில் விற்பனையாகும் புதிய பழங்களில் பாதிக்கும் மேல் ஏற்கெனவே இறக்குமதியாகின்றன. உள்நாட்டில் ஆள் இல்லையெனில் சாகுபடி எல்லை தாண்டும். இருப்பவர்களுக்கு உரிமை அளித்தால் கூலியும் காய்கனி விலையும் ஓரளவு உயரக்கூடும். இரண்டுக்குமான விலையைத் தர எந்தத் தரப்பும் முன்வராத வரை, அதைத் தொழிலாளிதான் குறைந்த கூலியாகவும், கேட்க முடியாத ஓய்வூதியமாகவும், எந்நேரமும் கைதாகலாம் என்ற அச்சமாகவும் செலுத்தி வருகிறார்.