கோச்சை அனுப்பணுமா? முதல்ல காண்ட்ராக்டைப் படிங்க

ஒரு டீம் வரிசையா தோத்தா நம்ம வாயில முதல்ல வர்றது, "கோச்சை மாத்துங்கப்பா!" சரி, மாத்தலாம். அதுக்கு எவ்வளவு செலவாகும்? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

2024 ஜூன் 11. உலகக் கோப்பை தகுதிச் சுற்றில் கத்தாரிடம் 1-2 என்று தோற்று இந்தியா வெளியேறியது. ஜூன் 17-ல் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் தலைமைப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சை நீக்கியது. சிக்கல் என்னன்னா, முந்தின வருஷம்தான் அவரோட ஒப்பந்தத்தை 2026 வரைக்கும் நீட்டிச்சிருந்தாங்க.

நம்ம ஐடி வேலையில நோட்டீஸ் பீரியட் முடிஞ்சா கணக்கு முடிஞ்சுது. கோச் ஒப்பந்தம் பெரும்பாலும் அப்படி இல்லை. அதுக்குன்னு ஒரு முடிவுத் தேதி இருக்கும். பாதியில நிறுத்த "நியாயமான காரணம்" வேணும். டீம் தோக்குது என்பது மட்டுமே அந்தக் காரணம் ஆகாது. ஃபிஃபா தீர்ப்பாயம் பல வழக்குகளில் எடுத்த நிலைப்பாடு இதுதான்.

அப்போ இழப்பீடு எப்படிக் கணக்கிடுவாங்க? ஒப்பந்தத்திலேயே தொகை எழுதியிருந்தா அது. இல்லைன்னா, மீதிக் காலச் சம்பளம். நடுவுல கோச்சுக்கு வேற வேலை கிடைச்சா, அந்தச் சம்பளத்தைக் கழிப்பாங்க.

ஒரு உதாரணம். மாசம் 10 லட்சம் சம்பளம், இன்னும் 20 மாசம் பாக்கின்னா 2 கோடி. எட்டு மாசம் கழிச்சு அவர் 6 லட்சத்துக்கு வேற டீம்ல சேர்றார்னு வைங்க. மீதி 12 மாசத்துக்கு 72 லட்சம் கழியும். கிளப் தர வேண்டியது 1 கோடியே 28 லட்சம். இதுக்கு மேல வக்கீல் ஃபீஸ், புது கோச்சோட சம்பளம் எல்லாம் தனி.

ஸ்டிமாச் விஷயமும் ஃபிஃபா வரைக்கும் போச்சு. கடைசியில 4 லட்சம் டாலருக்கு சமரசம் ஆச்சு. நம்ம காசுல சுமார் 3.36 கோடி ரூபாய். வேலையே செய்யாத மாசங்களுக்காக, நாட்டோட கால்பந்தை வளர்க்க வேண்டிய அமைப்பு கொடுத்த பணம் இது.

அதனால கோச்சை நீக்குற செலவு, நீக்குற அன்னைக்கு முடிவாகறது இல்லை. கையெழுத்துப் போட்ட அன்னைக்கே முடிவாகிடுது. "தகுதி பெறலைன்னா மூணு மாசச் சம்பளத்தோட பிரியலாம்"னு அன்னைக்கே ரெண்டு பேரும் பேசி ஒரு வரி எழுதியிருந்தா, பின்னாடி சண்டைக்கு இடமே குறைவு.

அடுத்த தடவை ஒரு கோச்சுக்கு ஒப்பந்த நீட்டிப்புன்னு செய்தி வந்தா, எத்தனை வருஷம்னு மட்டும் பார்க்காதீங்க. வெளியே போற வழி என்னன்னும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!