ஜூடோ: சோத்தாங்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?

ஜூடோ வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: எந்தப் பக்கம் பிடிப்பது? ஒரு பக்கம் ஊறிப்போன பிறகு மாற்றுவது ரொம்பக் கஷ்டம். அதனால் ஆரம்பத்திலேயே யோசிப்பது நல்லது.

வலப் பிடி, இடப் பிடி என்றால் என்ன?

வலப் பிடியில் உங்கள் வலக்கை எதிராளியின் காலரைப் பிடிக்கும். இடக்கை அவருடைய சட்டைக் கையை முழங்கைக்கு அருகில் பிடிக்கும். வலது கால் சற்று முன்னால் இருக்கும். இடப் பிடி இதற்கு நேர்மாறு.

காலர் கை தூக்கித் திருப்பும். சட்டைக் கை இழுக்கும். இரண்டு வேலைக்கும் பலம் வேண்டும். அதனால்தான் வலக்கைக்காரர் சிலர் வேண்டுமென்றே இடப் பிடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இடப் பிடிக்கு ஏன் மவுசு?

இருவரும் ஒரே பக்கம் பிடித்தால் அது 'ஐ-யோட்சு'. எதிரெதிர்ப் பக்கம் பிடித்தால் 'கென்கா-யோட்சு'. ஜப்பானிய மொழியில் 'கென்கா' என்றால் சண்டை. பெயருக்கேற்ப, இருவரின் காலர் கைகளும் ஒரே பக்கத்தில் முட்டிக்கொள்ளும். எதிராளியின் சட்டைக் கையும் எட்டாத தூரத்துக்குப் போய்விடும்.

இடப் பிடிக்காரருக்கு இது தினசரிப் பயிற்சி, ஏனென்றால் வகுப்பில் பெரும்பாலோர் வலப் பிடி. வலப் பிடிக்காரருக்கோ இந்த நிலை எப்போதாவதுதான் வரும். இடப் பிடியின் ரகசியமே இந்தப் பழக்க வித்தியாசம்தான்.

1977 முதல் 1985 வரை தோல்வியே காணாமல் 203 ஆட்டங்களில் வென்ற யாசுஹிரோ யமாஷிதா இடப் பிடிக்காரர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 100 கிலோ பிரிவில் தங்கம் வென்ற கோசெய் இனோவேயும் அப்படித்தான்.

பிடிச் சண்டையே இல்லாத ஜூடோவும் உண்டு. பார்வைக் குறைபாடுள்ளோருக்கான போட்டியில், இருவரும் பிடித்துக்கொண்ட பிறகே நடுவர் ஆட்டத்தைத் தொடங்குவார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியாவின் கபில் பார்மர் இந்த முறையில்தான் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவின் முதல் பதக்கம் அது.

அப்போ எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

காலையும் கவனியுங்கள். ஒற்றைக்காலில் நின்று வீசும் 'உச்சிமாத்தா'வை வலப் பக்கம் போட்டால், இடக்கால் ஊன்றி வலக்கால் வீச வேண்டும். பந்தை எந்தக் காலால் உதைப்பீர்கள் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஜொகூரின் பண்டார் தெங்காரா போன்ற சிறிய ஊர்களில் இன்னொரு கணக்கும் உண்டு. பயிற்சிக்கு ஆள் குறைவாக இருந்து எல்லாரும் வலப் பிடியாகவே இருந்தால், கென்கா-யோட்சுவை யாரும் பழக முடியாது. வெளியூர்ப் போட்டியில் இடப் பிடிக்காரர் எதிரே வந்து நின்றால் திணற வேண்டியதுதான். ஒரே ஒருவர் இடப் பிடி பிடித்தாலும் மொத்த வகுப்புக்கும் அது பயிற்சி.

வீட்டில் "சோத்தாங்கையால எழுது" என்று திட்டு வாங்கிய பிள்ளைகள், இங்கேயும் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கலாம். தேவையே இல்லை. இரண்டு பக்கமும் சில வாரம் முயன்று பாருங்கள். உடம்பு எந்தப் பக்கம் இயல்பாகத் திரும்புகிறதோ, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மறுபக்கத்துக்கும் ஒரு வீச்சைக் கற்று வையுங்கள். எதிராளி உங்கள் பிடியை அடைத்துவிட்டால் அதுதான் கைகொடுக்கும்.