சுற்றி நிற்கும் பிள்ளைகள்

இடைவேளையில் மைதானத்தில் ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை வம்புக்கிழுக்கும்போது என்ன நடக்கிறது? ஆசிரியரிடம் கேட்டால், அவர் பார்த்தால்தானே சொல்வார்! அடிபட்ட பிள்ளையோ பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிடும்.

டொராண்டோவிலுள்ள யார்க் பல்கலைக்கழக உளவியலாளர் டெப்ரா பெப்லர் அதை நேரிலேயே பார்க்க விரும்பினார். 1990களில் வெண்டி கிரெய்க்குடன் சேர்ந்து, அந்நகரத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் சட்டையில் சிறு மைக்கை மாட்டி, தொலைவில் கேமராவை வைத்து, அவர்கள் விளையாட்டைப் பதிவு செய்தார். ஒரு சீண்டல் சராசரியாக 38 விநாடிதான் நீடித்தது. மைதானத்தில் நடந்தவற்றில் ஆசிரியர் குறுக்கிட்டது சுமார் 4 விழுக்காடு. கண்ணெதிரே நடப்பது இப்படிக் கண்ணில் படாமலே போகிறது.

அந்தப் பதிவுகளில் என் மனதை உறுத்துவது, சுற்றி நின்றவர்கள். 53 காட்சிகளை ஆராய்ந்து 1999இல் வெளியான கட்டுரையின்படி, கூடியிருந்த பிள்ளைகள் 54 விழுக்காடு நேரம் வெறுமனே வேடிக்கை பார்த்தார்கள். 21 விழுக்காடு நேரம் தாங்களும் சேர்ந்து சீண்டினார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பக்கம் நின்றது 25 விழுக்காடு நேரம். வேடிக்கை பார்ப்பது நடுநிலை அல்ல. சீண்டுகிறவருக்கு வேண்டியதே அந்தக் கூட்டம்தான். இதே குழுவின் 2001ஆம் ஆண்டு ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: சக மாணவர் தலையிட்ட தருணங்களில் பாதிக்கு மேல், பத்தே விநாடிக்குள் சீண்டல் நின்றது.

சீண்டும் பிள்ளையையும் பெப்லர் கைவிடவில்லை. 871 மாணவர்களை ஏழாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், ஏறத்தாழ பத்தில் ஒருவர் பதின்பருவம் முழுக்கச் சீண்டிக்கொண்டே இருந்தனர். அவர்களுக்கு வீட்டில் பெற்றோருடன் ஓயாத மோதல், வெளியே நண்பர்களுடனும் பூசல். பிறரைச் சீண்டும் பிள்ளைகள் காதல் உறவுக்குள்ளும் அதே முரட்டுத்தனத்தைக் கொண்டுபோகிறார்கள் என்று வேறோர் ஆய்வு காட்டியது. அதனால்தான் இதை உறவுச் சிக்கலாகப் பார்க்கவேண்டும் என்கிறார் அவர். தலைமையாசிரியர் அறை வாசலில் நிறுத்தி வைக்கப்படும் பிள்ளை, கோபம் வந்தால் எப்படிப் பேசுவது என்பதை அங்கே கற்றுக்கொள்வதில்லை. அதைப் பக்கத்தில் இருந்து யாராவது சொல்லித்தர வேண்டும்.

பெரியவர்கள் செய்யக்கூடிய இன்னொன்றையும் அவர் வலியுறுத்துகிறார்: பிள்ளைகளின் கூட்டத்தை அமைத்துக் கொடுப்பது. அணி பிரிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால், யாருக்கும் வேண்டாத ஒரு பிள்ளை கடைசிவரை தனியே நிற்கும். ஆசிரியரே பிரித்தால், அதே பிள்ளையை இதமாகப் பழகும் ஒருவருக்குப் பக்கத்தில் சேர்த்துவிடலாம்.