தூசியைத் தேய்க்காமல் அரை மணி நேரத்தில் கார் கழுவ

கறுப்புக் கார் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், மாலை வெயிலில் ஒருமுறை பானெட்டைச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கோடுகள் வட்ட வட்டமாகத் தெரியும். வாங்கி ஓர் ஆண்டு ஆகாத வண்டியிலும் தெரியும். வெள்ளை, வெள்ளி நிறக் கார்களிலும் இதே கோடுகள் உண்டு, கண்ணில் சட்டென்று படுவதில்லை. இவற்றில் பெரும்பாலானவை காரைச் சுத்தம் செய்தபோது நம் கையாலேயே விழுந்தவை. அதனால்தான் தினமும் அக்கறையாகத் துடைக்கப்படும் கார்களில் இவை கூடுதலாக இருக்கின்றன.

கோடு எப்படி விழுகிறது என்று தெரிந்துகொண்டால் போதும். பெயின்ட்டையும் காப்பாற்றலாம், வேலையையும் அரை மணி நேரத்தில் முடிக்கலாம்.

தலைமுடியை விட மெல்லிய பூச்சு

காரின் தகட்டின் மேல் முதலில் துருவைத் தடுக்கும் ஒரு பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், கடைசியாக நிறமே இல்லாத ஒரு பூச்சு என்று அடுக்கடுக்காக இருக்கும். அந்தக் கடைசிப் பூச்சுதான் கிளியர் கோட். பளபளப்பைத் தருவதும், வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பதும் அதுதான். அதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அதாவது காரின் அழகு முழுவதும் ஒரு முடியின் தடிமன்கூட இல்லாத பூச்சில் நிற்கிறது.

தெருத் தூசியில் மணல் துகள்கள் கலந்திருக்கும். மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறக்கூடியது, கிளியர் கோட் எம்மாத்திரம்? காய்ந்த துணியால் துடைக்கும்போது துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் அந்தத் துகள்கள் சிக்கிக்கொள்கின்றன. பிறகு நம் கை போகும் வழியெல்லாம் கோடு. பாலீஷ் போட்டால் கோடு போய்விடும் என்பார்கள். போகும்தான். ஆனால் கோடு விழுந்த ஆழம் வரை கிளியர் கோட்டையே சில மைக்ரான் சீவி எடுத்துத்தான் பாலீஷ் அதை மறைக்கிறது. வருடா வருடம் சீவிக்கொண்டிருக்க அங்கே சரக்கு இல்லை.

ஆகவே கார் கழுவுவதில் விதி ஒன்றுதான்: தூசியைத் தேய்க்கக் கூடாது. நனைத்து, ஊறவைத்து, வழுக்க வைத்து, தூக்கி எடுக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு விதியிலிருந்து வருபவை.

கையில் என்ன இருக்க வேண்டும்

பனியன் வேஸ்ட் துணி மெக்கானிக் கடைக்கு நல்லது, பெயின்ட்டுக்கு ஆகாது. அதில் தையல் முடிச்சும் மடிப்பும் இருக்கும். தூசியை உள்ளே வாங்கிக்கொள்ள இடம் இருக்காது. சாதாரண ஸ்பாஞ்சிலும் இதே சிக்கல். அதன் முகம் தட்டையாக இருப்பதால் துகள் உள்ளே போகாமல் முகத்திலேயே ஒட்டி நின்று கீறும். நீளமான இழைகள் கொண்ட மைக்ரோஃபைபர் கையுறை வாங்குங்கள். துகள் இழைகளுக்கு நடுவே புதைந்துவிடும்.

துணி துவைக்கும் பவுடர் வேண்டாம். கரையாத குருணைகள் உராயும், காரமும் அதிகம். பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்யப்பட்டது. பெயின்ட்டின் மேல் பூசிய மெழுகையும் அது சேர்த்தே எடுத்துவிடும். கார் ஷாம்பூவின் வேலை வேறு. அழுக்கை இளக்குவதோடு, கைக்கும் பெயின்ட்டுக்கும் இடையில் வழுக்கலை உண்டாக்குகிறது. தப்பித்தவறி ஒரு துகள் நின்றாலும் அது வழுக்கிக்கொண்டு போய்விடும்.

மொத்தத் தேவை: இரண்டு வாளி, ஷாம்பூ, ஒரு கையுறை, சக்கரத்துக்கென்று தனியாக ஒரு பழைய துணியும் பிரஷ்ஷும், ஈரம் துடைக்க ஒரு பெரிய மைக்ரோஃபைபர் துண்டு. அவ்வளவுதான்.

அரை மணி நேரக் கணக்கு

முதலில் வண்டியை நிழலில் நிறுத்துங்கள். புறங்கையை பானெட்டில் வைத்துப் பாருங்கள். சுட்டால் ஆறட்டும். சூடான தகட்டில் ஷாம்பூ காய்ந்து திட்டுத் திட்டாக ஒட்டும். நம் ஊர் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். துளி காய்ந்தால் தண்ணீர் போய்விடும், உப்பு வட்டம் தங்கிவிடும். காலை ஏழு மணிக்கு முன்பு அல்லது பொழுது சாய்ந்த பிறகு கழுவுவது நல்லது.

சக்கரங்கள், ஐந்து நிமிடம். முதலில் இவற்றை முடித்துவிடுங்கள். பிரேக் தேயும்போது வரும் இரும்புத் தூள் இங்கேதான் படிகிறது. கடைசியில் கழுவினால் அந்த அழுக்கு சுத்தமான கதவின் மேல் தெறிக்கும். சக்கரத்தைத் தேய்த்த துணி எக்காரணம் கொண்டும் பெயின்ட்டின் மேல் ஏறக் கூடாது.

வெறும் தண்ணீர், நான்கு நிமிடம். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். கை வைக்காதீர்கள். தண்ணீரே முடிந்தவரை மண்ணை இழுத்துப் போகட்டும். நேரம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தாண்டிவிடுகிறார்கள். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். பிரஷர் வாஷர் இருந்தால் முனையை ஓர் அடியாவது தள்ளிப் பிடியுங்கள். பெயின்ட் ஏற்கெனவே பெயர்ந்த இடத்தில் கிட்டத்தில் அடித்தால் இன்னும் உரியும்.

ஷாம்பூ, பத்து நிமிடம். ஒரு வாளியில் ஷாம்பூத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பூவில் தோய்த்து ஒரு பகுதியைத் துடைத்ததும், வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டு, மறுபடி ஷாம்பூவுக்குப் போங்கள். ஒரே வாளி என்றால் கூரையிலிருந்து எடுத்த மண்ணையே பானெட்டில் தேய்த்துக்கொண்டிருப்போம். கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேல்பாதி என்று போய், கதவின் கீழ்ப்பாதியையும் பம்பரையும் கடைசியாக வையுங்கள். மண் அதிகம் அங்கேதான். வட்டமாகச் சுற்றாமல் நேர்கோட்டில் இழுங்கள். அழுத்தாதீர்கள், கையுறையின் எடையே போதும். கையுறை தரையில் விழுந்துவிட்டால் நன்றாக அலசும் வரை தொடாதீர்கள்.

அலசல், மூன்று நிமிடம். டியூபின் முனையிலுள்ள நாசிலைக் கழற்றிவிட்டு, கூரை மேல் தண்ணீரை மெதுவாக ஓட விடுங்கள். பீய்ச்சி அடித்தால் ஆயிரம் துளிகள் தங்கும். தாள்போலப் பரந்து ஓடும் தண்ணீர் துளிகளையும் சேர்த்துக்கொண்டு இறங்கிவிடும்.

ஈரம் எடுத்தல், ஆறு நிமிடம். துண்டைப் பானெட்டின் மேல் விரித்துப் போட்டு, இரு முனைகளைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். கதவில் ஒற்றி எடுங்கள். தானாகக் காயட்டும் என்று விட்டால் உப்பு வட்டம் நிச்சயம்.

கூட்டிப் பாருங்கள், 28 நிமிடம். கையின் வேகம் கூடவில்லை. ஒரே இடத்தை இரண்டாம் முறை தொட வேண்டிய அவசியம்தான் குறைந்திருக்கிறது.

காத்திருக்கக் கூடாத கறைகள்

தூசி ஒரு வாரம் கிடந்தாலும் பெயின்ட்டுக்குக் கேடில்லை. காக்கை எச்சம் அப்படியல்ல. அதில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் கிளியர் கோட் இளகும் நேரத்தில் அது கவ்விப் பிடித்து, குளிரும்போது தடத்தை அப்படியே விட்டுவிடும். பார்த்த உடனே ஒரு டிஷ்யூவை நனைத்து அதன் மேல் போட்டு, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஒற்றித் தூக்குங்கள். நகத்தால் சுரண்ட வேண்டாம். அடிபட்ட பூச்சிகளுக்கும் இதே வைத்தியம்தான்.

ஆயுத பூஜை சந்தனமும் குங்குமமும் அப்படித்தான். எங்கள் வீட்டு வெள்ளைக் காரின் பானெட்டில் இட்ட மூன்று பொட்டுகளை ஒரு வாரம் விட்டுவைத்து, பிறகு காய்ந்த துணியால் தேய்த்தோம். மஞ்சள் வட்டம் மங்கியது, தேய்த்த கோடு இன்றும் இருக்கிறது. இப்போதெல்லாம் பொட்டைக் கண்ணாடியில் வைக்கிறோம். பூஜைக்கு ஒரு குறையும் இல்லை.

கடற்கரைச் சாலையில் தினமும் ஓடும் வண்டி என்றால் அடிப்பாகத்துக்கும் சக்கரக் குழிக்கும் நல்ல தண்ணீர் காட்டுங்கள். உப்புக் காற்றின் வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் தொடங்கும்.

தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது

நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வரும் குழாயை அரை மணி நேரம் திறந்தே வைத்தால் 300 லிட்டர் போய்விடும். பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்கும் நிலை வந்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டதைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லேசான தூசி மட்டும் என்றால் ரின்ஸ்லெஸ் வாஷ் என்ற திரவம் கடைகளில் கிடைக்கிறது. பாட்டிலில் சொன்ன அளவுக்கு ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, மைக்ரோஃபைபர் துணிகள் ஏழெட்டை அதில் ஊறப்போடுங்கள். ஒரு துணியை நான்காக மடித்தால் முன்னும் பின்னும் எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரு பகுதிக்கு ஒரு முகம். அழுக்கான முகத்தை மறுபடி பெயின்ட்டில் வைக்காதீர்கள். பிறகு அலச வேண்டியதில்லை, உலர்ந்த துண்டால் ஈரத்தை எடுத்தால் முடிந்தது. மழைச் சேறு ஒட்டிய வண்டிக்கு மட்டும் இது உதவாது, அதற்குத் தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும்.

இந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம், இழைகளை அடைத்துவிடும்.

தினமும் துடைப்பவருக்கு

அடுக்குமாடிகளில் விடியற்காலையில் ஒருவர் வந்து பத்து இருபது கார்களைத் துடைத்துவிட்டுப் போகிறார். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி. கோடு விழுவதற்கு அவர் மேல் வருத்தப்படுவது நியாயமில்லை. அவருக்கு நாம் கொடுத்த நேரமும் பொருளும் அவ்வளவுதான். இரண்டு நல்ல துணி வாங்கிக் கொடுத்து, “அண்ணே, தினமும் கண்ணாடி மட்டும் துடைச்சாப் போதும், ஞாயித்துக்கிழமை தண்ணி ஊத்திக் கழுவிக்கலாம்” என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் வேலை குறையும், காருக்கும் ஆயுள் கூடும்.

நேரமே இல்லாத நாளில், எச்சம் இருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு, தூசியோடு வண்டியை எடுங்கள். தூசியோடு ஓடும் கார் நாளை கழுவினால் புதிதாகிவிடும். இன்று அவசரத்தில் தேய்த்த கோடு நாளை கழுவினாலும் போகாது.